தெற்கு என்று பெயர் பெற்ற நாடு

கற்பனை உலகொன்றைப் படைப்பவர் அதன் நாடுகளுக்குப் பெயர் சூட்டும்போது, அவ்வுலகில் தாம் எங்கே நிற்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் எழுத்தில் இதனைத் தெளிவாக அவதானிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரான அவர் முதலில் மொழிகளைப் படைத்தார். அம்மொழிகளுக்கு ஓர் உலகம் வேண்டியிருந்ததால் கதை பின்னர் வந்தது என்பது அவரே கூறிய செய்தி. ஆகவே, 1954 - 55ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் நிலப்படத்தை ஓர் அகராதியைப் போலவும் வாசிக்க இயலும். எல்ஃப் இனத்தாரின் சிந்தாரின் மொழியில் 'தோர்' என்றால் நிலம். கோண்டோர் கல்நாடு, மோர்டோர் கருநாடு. கண்டத்தின் பெயராகிய எண்டோர், நடுநிலம் எனப் பொருள்படும்.

அறபு பழகிய நம் செவிக்கு இங்கே ஒரு மயக்கமும் காத்திருக்கிறது. மேற்குக் கடலுக்கு அப்பாலுள்ள புனிதக் கண்டம் 'அமான்' எனப்படுகிறது. தீமை தீண்டாதது என்பது அதன் பொருள். உலகின் பெயர் 'அர்தா'. அபயம் என்னும் பொருளுடைய அமானும், பூமியைக் குறிக்கும் அர்ழும் நம் நினைவுக்கு வராமல் இரா. எனினும் ஒலியொப்புமையைக் கொண்டு வரலாறு எழுதும் பழக்கத்திலிருந்து நாம் விலகி நிற்பதே நன்று. இரு சொற்களுக்கும் டோல்கீன் தம் மொழிகளுக்குள்ளேயே வேர் வைத்திருக்கிறார்.

நம் கவனத்திற்குரிய பெயர் வேறொன்று. நிலப்படத்தின் தென்கோடியில் பரந்து கிடக்கும் நாடு 'ஹராத்' எனப்படுகிறது. அச்சொல்லுக்குத் தெற்கு என்பதே பொருள். அங்கு வாழ்வோர் ஹராத்ரிம், அதாவது தென்னவர். கிழக்கிலுள்ள நாட்டின் பெயர் 'ரூன்'. அதுவும் கிழக்கு என்னும் திசைச்சொல்லே. யானைப்படையோடு வந்து தீயவனின் பக்கம் நின்று போரிடும் கருநிற மக்களுக்கு ஒரு திசைதான் பெயர். 2001 முதல் 2003 வரை இந்நாவல் திரைப்படங்களாக வெளிவந்தபோது, ஹராத்ரிம் எனப்படுவோர் முஸ்லிம்களின் மாற்றுருவமே என்ற குற்றச்சாட்டு பலமாக எழுந்தது.

அதனை அப்படியே ஏற்பதில் நமக்குத் தயக்கம் உண்டு. திசையைக் கொண்டு நாட்டை அழைப்பது இழிவு என்றால், அக்குற்றத்திலிருந்து தப்பும் சமூகம் எதுவும் இல்லை. சூரியன் உதிக்கும் திசையை நோக்கி நின்ற அறபி, தன் வலப்புறத்தை யமன் என்றான். இடப்புறத்தை ஷாம் என்றான். அவ்வாறே கிழக்கு நோக்கி நின்றவனின் வலக்கையே சமஸ்கிருதத்தில் தட்சிணம் ஆயிற்று. அதுவே திரிந்து தக்காணம் ஆயிற்று. வடக்கே நின்றவர் இட்ட அப்பெயரைத் தென்னிலத்து முஸ்லிம்கள் பெருமையுடன் ஏற்று, தம் மொழியைத் தக்கனி என்றே அழைத்தனர். டோல்கீன் இந்த முறையை நன்கறிந்தவர். எல்ஃப் இனத்தார் மேற்கு நோக்கி நின்று திசைகளை எண்ணுபவர். அவர்களுக்குத் தெற்கு இடக்கைப் பக்கம். பல மனித மொழிகளின் வழக்கத்துக்கு இது நேர்மாறானது என்று நாவலின் பின்னிணைப்பில் அவரே சுட்டுகிறார். அவர்களின் மூத்த மொழியான குவென்யாவில் தெற்கைக் குறிக்கும் 'ஹ்யார்மென்' என்ற சொல், இடப்புறம் என்ற பொருளிலிருந்தே பிறந்தது. ஹராத் அதன் உறவுச்சொல். யமனையும் ஷாமையும் பெற்றெடுத்த அதே மனித இயல்பை ஓர் அறிஞர் நுட்பமாக மறுபடைப்புச் செய்திருக்கிறார் என்றே இதனை மதிப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் குற்றம் சாட்டுவோர் கவனிப்பதில்லை. செமித்திய மொழிகளின் சாயலை அவர் ஹராத்துக்கு அளிக்கவில்லை; நன்மையின் பக்கம் நிற்கும் குள்ளர் இனத்துக்கு அளித்தார். அவ்வினத்தார் தம்மைக் கஸாத் என்றும் தம் மொழியைக் குஸ்துல் என்றும் அழைக்கின்றனர். மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து உயிரொலி மாறிச் சொற்கள் பிறக்கும் இம்முறையை, கிதாப், காதிப், மக்தூப் என்று ஓதிப் பழகியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நமது உண்மையான முறைப்பாடு இங்கிருந்துதான் தொடங்குகிறது. குள்ளரின் பழம்பெரும் நகரத்தை எல்ஃப் இனத்தார் 'மோரியா' என்கின்றனர். கரும்பிளவு என்னும் வெறுப்புப் பெயர் அது. அந்நகருக்குரியோர் வைத்த பெயர் 'கஸத்-தூம்'. நாவல் இரண்டையும் தருகிறது. அவற்றுக்கிடையிலான மனத்தாங்கலையும் தருகிறது. ரோஹன் என்பது அயலாரின் வழக்கு. அந்நாட்டார் தம் மண்ணை 'மார்க்' என்பர். ஒரு மலைச்சிகரத்துக்குக்கூட மூன்று மொழிகளில் மூன்று பெயர்கள் உண்டு. அழைப்பவனின் பெயர் வேறு, வாழ்பவனின் பெயர் வேறு என்பதை இந்த அளவுக்கு உணர்ந்திருந்த ஒருவர், ஹராத்தின் மக்கள் தம் நாட்டை எவ்வாறு அழைத்தனர் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார். தெற்கிலுள்ள துறைமுகமான உம்பர் ஒன்றே சிறு விதிவிலக்கு. அது கடல்கடந்து வந்த ஆதிக்கத்தாருக்கு முற்பட்ட, மூலம் மறந்துபோன பெயர் என்று பின்னிணைப்பு கூறுகிறது. தெற்கத்தியரின் குரலில் எஞ்சியது அந்த ஒரு சொல்; அதற்கும் பொருள் இல்லை.

இதற்கு வலுவான சமாதானம் ஒன்றுண்டு. நாவல் முழுவதும் வடபுலத்து ஹாபிட்களின் ஏட்டிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டதாகவே பாவனை செய்கிறது. பகைநாட்டின் உட்பெயரை அவ்வேட்டாளர் எவ்வாறு அறிவர்? நியாயமான வாதம்தான். ஆயினும் தூரமும் அறியாமையும் எப்போதும் இப்படியே முடிவதில்லை. நம் முன்னோரும் ஆப்பிரிக்காவின் பெரும்பரப்பை 'பிலாதுஸ் ஸூதான்', கறுப்பர்களின் நாடுகள், என்று நிறத்தால் அழைத்தவர்களே; அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்பெயினிலிருந்தபடியே ஹிஜ்ரி 460இல் (கி.பி. 1068) அந்நாடுகளைப் பற்றி எழுதிய அல்பக்ரீ, பிறர் சொல்லக் கேட்டவற்றிலிருந்தே நூல் செய்தவர். அவர், கானா என்பது அரசனின் பட்டம் மட்டுமே, நாட்டின் பெயர் அவ்கார் என்று பிரித்துக் காட்டுகிறார். அக்காலத்து அரசனின் பெயரையும் பதிவு செய்கிறார். நிறப்பெயருக்குள் நின்றுகொண்டே ஒருவர் இயற்பெயரை விசாரித்திருக்கிறார்.

டோல்கீனும் அந்த விசாரணையின் வாசல்வரை வந்தார் என்பதே இந்நாவலின் மிக நேர்மையான இடம். போரில் வீழ்ந்த தென்னவன் ஒருவனின் சடலத்தைக் காணும் சாம் என்னும் எளிய ஹாபிட், அவன் பெயர் என்ன, எங்கிருந்து வந்தான், உண்மையில் தீயவன்தானா என்று எண்ணுகிறான். சிவப்பு அங்கி, பொற்கழுத்தணி, பின்னிய கருங்கூந்தல் அனைத்தும் நமக்குக் காட்டப்படுகின்றன. பெயர் மட்டும் வரவில்லை.

1973இல் அவர் மறைந்த பின், 1980இல் மகன் கிறிஸ்டோஃபர் டோல்கீன் பதிப்பித்த 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' என்ற தொகுப்பில் ஒரு குறிப்பு உள்ளது. கேண்டால்ஃப் என்னும் ஞானிக்குத் தெற்கில் 'இங்கானுஸ்' என்ற பெயர் வழங்கியதாக நாவலில் ஒரு வரி வரும். அதற்கு எல்ஃப் மொழியில் ஒரு விளக்கத்தை எண்ணிய ஆசிரியர், மற்றொரு வேளையில் அது ஹராத்ரிம் மொழிச்சொல்லாகவும் இருக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். வடதேசம் முழுவதும் போற்றும் அம்மனிதரைத் தெற்கத்தியர் தம் மொழியில் அழைத்த அப்பெயரின் பொருள்: வடக்கிலிருந்து வந்த ஒற்றன்.