கணக்கில் சேராத நான்கு ஆண்டுகள்

"அகப்பாட்டுக்கெல்லாம் உரை சொல்லுவீங்களே மேடம், இதுக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்று என் பழைய மாணவி ஒருத்தி ஒரு கற்றைத் தாளை என் மடியில் வைத்தாள். 2023ஆம் ஆண்டு, திசையன்விளையில் அவள் வீட்டுத் திண்ணை. கணினி அறிவியல் படித்தவள். அவளுக்கு நான் முதலாமாண்டில் பகுதி ஒன்று தமிழ் நடத்தினேன். தாள்கள் ஆஸ்திரேலியாவின் வட்டாரப் பரிந்துரை விசாவுக்கான விதிகள். சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பிரதி யாரை நினைத்து எழுதப்பட்டிருக்கிறது, யாரை விட்டுவிட்டு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் இத்தனை வருடமாக நான் செய்துவருவது. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் வாசித்தேன்.

491 என்ற எண்ணால் அழைக்கப்படும் இந்த விசா 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. திறன்பெற்ற தொழிலாளர்கள் சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்களிலேயே குவிகிறார்கள்; மற்ற ஊர்களுக்கும் ஆள் வேண்டும். எனவே ஒரு மாநில அரசு உங்களைப் பரிந்துரைத்தால் 15 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். பதிலுக்கு அந்த மூன்று பெருநகரங்களுக்கு வெளியேதான் வாழவும் வேலை செய்யவும் வேண்டும். விசாவின் ஆயுள் 5 ஆண்டு. வட்டாரத்தில் 3 ஆண்டு வாழ்ந்து, வருமான வரி மதிப்பீட்டு ஆணைகளைக் காட்டினால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பிக்கக் குறைந்தது 65 புள்ளி வேண்டும். அழைப்பு வருவது போட்டியைப் பொறுத்தது. 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி. 33 பிறந்தால் 25. 45 ஆனால் கதவு மூடிவிடும். இளங்கலைப் பட்டத்துக்கு 15. ஆங்கிலம் நன்றாக இருந்தால் 10, மிக நன்றாக இருந்தால் 20. வெளிநாட்டு வேலை அனுபவம் 3 ஆண்டுக்கு 5, 5 ஆண்டுக்கு 10, 8 ஆண்டுக்கு 15. அந்த அனுபவம் கடைசி 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். வாரம் 20 மணி நேரமாவது சம்பளத்துக்குச் செய்த வேலையாக இருக்க வேண்டும்.

அவள் கணக்கைப் போட்டோம். 2011இல் படிப்பை முடித்தாள். சென்னையில் 6 ஆண்டு மென்பொருள் வேலை. 2017இல் பிள்ளை பிறந்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. அதற்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வீட்டில் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. 4 ஆண்டு வீட்டில் இருந்தாள். 2021இல் வீட்டிலிருந்தே வேலை என்ற ஏற்பாட்டில் திரும்பச் சேர்ந்தாள். ஆக வேலை செய்தது 8 ஆண்டு. ஆனால் திறன் மதிப்பீட்டில் முதல் சில ஆண்டுகள் தகுதி பெறுவதற்கான காலமாகக் கழிந்துவிடும். கழித்தது போக அவள் கையில் நின்றது 4 ஆண்டு. அதற்கு 5 புள்ளி. இடையில் நிற்காமல் இருந்திருந்தால் அது 8 ஆண்டு, 15 புள்ளி.

பிள்ளைக்கும் மாமியாருக்கும் கொடுத்த நான்கு ஆண்டின் விலை 10 புள்ளி. வயது 30, பட்டம் 15, ஆங்கிலம் 10, அனுபவம் 5 என்று அவளுக்கு 60தான் தேறியது. அந்தப் பத்தும் சேர்ந்திருந்தால் 70 ஆகியிருக்கும். எந்த வட்டாரத்துக்கும் கட்டுப்படாத விசாவுக்கும் அவள் வரிசையில் நின்றிருக்கலாம். இப்போது ஒரு மாநிலம் பரிந்துரைத்தால் மட்டுமே வரிசையில் நிற்கவே முடியும். வீட்டில் நான்கு ஆண்டு கட்டுண்டு கிடந்ததற்காக இன்னொரு நாட்டில் மூன்று ஆண்டு ஓர் ஊரோடு கட்டுண்டு இருக்க வேண்டும்.

அட்டவணையில் எந்த இடத்திலும் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு முழு மதிப்பெண் வாங்கக்கூடிய ஆளைக் கற்பனை செய்து பாருங்கள். படித்து முடித்து, 32 வயதுக்குள், இடைவெளியே இல்லாமல் வேலை பார்த்தவர். அப்படியானால் அந்த ஆண்டுகளில் அவருக்குச் சோறு பொங்கியது யார்? அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது விடுப்பு எடுத்தது யார்? 2019ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் தருகிறாள் என்றும், செய்கிற ஆண் 97 நிமிடம் தருகிறான் என்றும் சொல்கிறது. தேசியக் கணக்கில் பெண்ணின் இந்த உழைப்பு ஏன் வருவதில்லை என்று நியூசிலாந்தின் மரிலின் வாரிங் 1988லேயே ஒரு நூல் முழுக்கக் கேட்டார். அதே கேள்வி இப்போது விசா அட்டவணையிடமும் கேட்கப்பட வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அரசு கேட்பது திறனை, தியாகத்தை அல்ல, நான்கு ஆண்டு விட்டால் மென்பொருள் மறந்துபோகாதா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2011இல் வாங்கிய பட்டத்துக்கு அதே அட்டவணை இன்றும் 15 புள்ளியைக் குறையாமல் தருகிறது. பட்டம் துருப்பிடிக்காதாம், அனுபவம் மட்டும் பிடிக்குமாம். சரி, குடும்ப விஷயமே கணக்கில் வராது என்றாவது சொல்கிறதா? அதுவும் இல்லை. மணமாகாதவருக்கு 10 புள்ளி. துணைவர் திறன் மதிப்பீட்டில் தேறியவராக இருந்தால் 10. ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் 5. இரண்டும் இல்லாத துணை என்றால் ஒன்றுமில்லை. வீட்டுக்குள் நுழைந்து துணையை எண்ணுகிறது, துணையின் ஆங்கிலத்தையும் எண்ணுகிறது. வளர்த்த பிள்ளையையும் பார்த்த நோயாளியையும் மட்டும் எண்ணாமல் வெளியே வந்துவிடுகிறது.

அவள் கணவர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், பள்ளிப் படிப்பு. "அவுக இல்லாம இருந்தா எனக்குப் பத்து புள்ளி கூட வரும் போலிருக்கே மேடம்" என்று சிரித்தாள். உள்ளேயிருந்து அவரும் சிரித்தார். ஊர் சிரித்த சிரிப்பு வேறு. விசாவில் அவள் முதன்மை விண்ணப்பதாரர். அவர் அவளைச் சார்ந்து போகிறவர். "பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுக்கிட்டு போறானாம்" என்று கடைத்தெருவில் பேச்சு. இத்தனை காலம் அந்தச் சார்ந்தவர் என்ற கட்டத்தில் எத்தனையோ பெண்கள் பேர் எழுதப்பட்டுப் போனார்கள். வேலையை விட்டுவிட்டுப் போனார்கள், படித்த படிப்பை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அப்போது அந்தச் சொல் யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு ஆணின் பேர் அதில் விழுந்ததும்தான் அது கேவலமான சொல் என்று ஊருக்குத் தெரிந்தது.

கடல் கடந்து பெண்ணோடு போவது வழக்கமில்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் விதிக்கிறது. பொருள் தேடப் பிரிவது தலைவன், காத்திருப்பது தலைவி. மணிமேகலை சாவக நாட்டுக்குப் போனாள் என்பது உண்மைதான். ஆனால் அவள் வான்வழி போகும் மந்திரம் பெற்றவள், துறவி, கணவனும் பிள்ளையும் இல்லாதவள். காப்பியமும் கடல் தாண்ட விட்டது புள்ளிக் கணக்கில் மணமாகாதவர் என்ற கட்டத்தில் வருகிறவளைத்தான். அந்த விதியைப் பல ஆண்டு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இவளும் பரீட்சையில் எழுதினாள். முழு மதிப்பெண் போட்டேன். காத்திருந்த காலத்தில் தலைவி என்ன வேலை செய்தாள் என்று நானும் கேட்டதில்லை, அவளும் எழுதவில்லை.

எது திறன் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது இந்தப் பக்கத்துக்குப் புதிய கேள்வி அல்ல. பக்கத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. தமிழ் படித்த எல்லோருக்கும் அந்த ஆண்டு மனப்பாடம். அதே ஊரில் அவர் மனைவி எலைசா பெண்களுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அந்த வகுப்பில் கண் பழுதுபடப் பின்னிய பெண்களைப் பற்றி எந்தப் பரீட்சையிலும் கேள்வி வருவதில்லை.

வட்டாரம் என்ற சொல்லை இவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். கனடாவிலும் மாகாணப் பரிந்துரை உண்டு. அங்கே அது 600 புள்ளி. ஆனால் நிரந்தரக் குடியிருப்பு கையில் வந்தபின் எந்த மாகாணத்துக்கும் போக அந்நாட்டு உரிமைச் சாசனத்தின் 6ஆம் பிரிவு இடம் தருகிறது. இங்கே முதலில் இருந்து காட்ட வேண்டும், உரிமை பிறகுதான். அதைச் சொன்னேன். "இருந்துட்டுப் போறேன் மேடம். அது அவுக ஊரு திசையன்விளைன்னு நெனச்சுக்கிட வேண்டியதுதான்" என்றாள். அவளுக்குப் பயம் ஊரைப் பற்றி அல்ல. அங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது என்பதைப் பற்றி. அதைக் கணவரிடம் கேட்டாயா என்றேன். "இந்த ஃபாரத்தை நெறப்புறதுக்கு முன்னாடி அதைத்தான் பேசி முடிச்சேன்" என்றாள். நான் வாசித்த எந்த விதியையும்விட அந்தப் பேச்சு முக்கியமானதாகத் தோன்றியது.

கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. வேலையில்லாமல் இருந்த காலம் இருந்தால் அதையும் எழுத வேண்டும். 2017 முதல் 2021 வரை. "வேலை இல்லைன்னு போடவா மேடம்?" என்றாள்.

வேலை இல்லாமலா இருந்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு பிள்ளை வளர்ப்பு, நோயாளி பராமரிப்பு, முழுநேரம் என்று ஆங்கிலத்தில் எழுதினாள். அதற்குப் புள்ளி கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கட்டம் காலியாக இல்லை.