சட்டைப்பையில் இருக்க வேண்டியது எது?

நெஞ்சு வலியால் ஒருவர் நடுவழியில் மயங்கி விழுகிறார். அவருக்காகப் பேச வேண்டியது எது? 1956-இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய மெடிக்அலர்ட் நிறுவனம் நோயின் பெயர் பொறித்த கைவளையத்தைத் தந்தது. 2014-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனிலேயே ஒரு மருத்துவக் குறிப்புப் பக்கத்தைச் சேர்த்தது. உரியவர் அனுமதித்திருந்தால், பூட்டிய கைபேசியிலும் பிறர் அதைப் படிக்கலாம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இதய நோயாளிக்கு இது போதாது என்பேன். அப்பக்கத்தில் இரத்த வகைக்குத் தனி இடம் உண்டு. நீங்கள் எழுதி வைத்ததை நம்பி எந்த மருத்துவரும் இரத்தம் ஏற்றமாட்டார். தாமே சோதித்துப் பார்ப்பார். அவர் தேடுவது உங்கள் பழைய ஈ.சி.ஜி. தாளை! ஏன் தெரியுமா? இதயத்தின் இடப்பக்கத்திற்கு மின்துடிப்பைக் கொண்டு செல்லும் கிளை தடைப்பட்டால், ஈ.சி.ஜி. கோடுகள் அகன்று, மாரடைப்பின் அடையாளங்களை மறைத்துவிடும். அத்தடை இன்று வந்ததா, பல்லாண்டுகளாக இருப்பதா? பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நொடியில் விளங்கும். அந்தப் படத்திற்கு ஐபோன் பக்கத்தில் இடமில்லை.

மருந்துப் பட்டியலும் அப்படித்தான். எழுதியவரே திருத்தினால்தான் உண்டு. வார்ஃபரின் உண்பவருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். சென்ற ஆண்டுப் பட்டியலில் வார்ஃபரின் இல்லையென்றால்?

மடித்து வைத்த ஈ.சி.ஜி. நகல், அதன் பின்புறம் தேதியிட்ட மருந்துப் பெயர்கள்: செலவு சில ரூபாய்தான். மூலத்தாளையே வைத்துக் கொள்ளாதீர்கள்; வெப்பத்தால் அச்சாகும் அத்தாள் நாளடைவில் மங்கிவிடும்.