நின்றாடலும் வீழ்ந்தாடலும்: பிரேக் நடனத்தில் தனிப்பாணியும் ஆடற்குழுவும்

1. முன்னுரை

பிரேக் நடனம் என்று நாட்டில் வழங்கும் ஆடலை, உடற்பயிற்சியின் ஒரு கூறு என்றோ திரைப்படம் கொணர்ந்த மேனாட்டுக் கேளிக்கை என்றோ கருதி ஒதுக்குவார் தமிழ் கற்றாருள் பலர். கூத்திற்கு இலக்கணம் வகுத்த மொழியினர், ஓர் ஆடலின் இயல்பை ஆராயாமலே அதனைப் புறந்தள்ளுதல் முறையாகாது. அவ்வாடலை ஆடுவோர் தமக்குள் எவ்வளவைகளால் மதிப்பிடுகின்றனர், அம்மதிப்பீட்டை விளக்கத் தமிழ்க் கூத்திலக்கணமும் நூலிலக்கணமும் தரும் சொற்கள் எத்துணைப் பயன்படும், எவ்விடத்தில் பயன்படா என்பன இக்கட்டுரையில் ஆராயப்படும். ஆடுநர் ஒருவரது தனிப்பாணி, குழுவினின்று விலகிப் பெறுவதன்று. குழுவின் பொதுமரபைக் குழுவின் கண்முன்னரே வேறுபடுத்திப் பெறுவது என்பதே யாம் நிறுவக் கருதுவது.

பாணி என்னும் சொல் இன்று ஒருவர்க்கே உரிய போக்கைக் குறிக்கின்றது. பழந்தமிழில் அது தாளத்தைக் குறிக்கும். சிலப்பதிகார அரங்கேற்றுகாதையும் அதன் உரைகளும் அப்பொருளில் அதனை ஆளும். இவ்விரு பொருளும் ஒரே வேரினின்று கிளைத்தன என்று வாதிடுதல் எம் நோக்கமன்று. ஆயினும், தாளத்தோடு ஒருவர் கொள்ளும் உறவே அவர்தம் போக்காக வெளிப்படும் கலையொன்றை ஆராயுங்கால், இரு பொருளையும் ஒருங்கே தாங்கும் சொல் நம்மிடம் இருத்தல் பெரிதும் பயன்தரும்.

2. கூரத்துப் படிமம்

ஆடல்மரபில் பொதுமையும் வேறுபாடும் எவ்வாறு நிற்கின்றன என்பதற்குத் தமிழகச் சான்று ஒன்றை முதற்கண் காண்பாம். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், பல்லவ வேந்தன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகளால் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். இவ்வூரில் கிடைத்த ஆடல்வல்லான் செப்புப் படிமம் ஒன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. பல்லவர் காலத்தது என அறிஞர் பலர் கொள்ளும் அப்படிமத்தில் இறைவன் முழங்காலை மேல்நோக்கி உயர்த்தி ஆடுகின்றான். இந்நிலையை ஊர்த்துவஜாநு என்னும் கரணமாகக் கொள்வர். சோழர் காலத்துப் படிமங்களிலோ எடுத்த திருவடி உடலின் குறுக்கே வீசி நிற்கும். அவ்வடிவமே பின்னர் எங்கும் பரவி, ஆடல்வல்லான் என்ற அளவில் நம் மனக்கண்முன் தோன்றும் ஒரே வடிவம் ஆயிற்று.

கூரத்துப் படிமத்தைச் சோழர் கலைக்கு முற்படி என்று மட்டும் மதிப்பிடுதல் எளிது. ஆயின், அம்முழங்கால் முதிராமையால் உயர்ந்து நிற்பதன்று. ஆடலின் பல நிலைகளுள் ஒன்றைத் தேர்ந்து, எடை முழுவதும் ஊன்றிய காலில் இறங்குமாறு கலைஞன் அமைத்துள்ளான். ஒரு மரபு தனக்கென ஒரு வடிவத்தை அறுதியிட்டபின், அதற்கு முன்னிருந்த வேறுபாடுகள் தொடக்கநிலைகளாகவோ பிழைகளாகவோ தோன்றுதல் இயல்பு. அத்தோற்றத்திற்கு இடங்கொடாமை திறனாய்வாளன் கடன். இக்கருத்தைப் பிரேக் நடனத்தை ஆராயுங்காலும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

3. கூத்தரும் பாணியும்

கூரத்துச் செப்பேடுகள் வேறொரு செய்தியையும் தருகின்றன. கோயிலுக்கு விடப்பட்ட அறங்களுள், மண்டபத்தில் பாரதம் வாசித்தற்கு உரிய பங்கும் ஒன்று. ஏழாம் நூற்றாண்டின் அவ்வாசிப்பே இன்றைய பாரதக் கூத்தாக வளர்ந்தது என்று கூறச் சான்றில்லை. ஆயினும், பாரதக் கதையை இரவு முழுதும் ஆடியும் பாடியும் காட்டும் கட்டைக்கூத்து இன்றும் அதே வட்டாரத்தில் வாழ்கின்றது. தோளிலும் மார்பிலும் தலையிலும் அணியும் மரக்கட்டை அணிகளால் பெயர்பெற்ற அக்கூத்தில், வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்றும், பெருங்கட்டூர்ப் பாணி என ஊர்ப்பெயராலும் கூத்தர் வேறுபாடு கூறுவர். ஒரே கதை, ஒரே பாத்திரம், பெரும்பாலும் ஒரே பாட்டு. எனினும் திரைக்குப் பின்னின்று வெளிப்படும் துரியோதனனின் முதற்சுழற்சியைக் கண்ட அளவிலேயே, ஆடுவான் எவ்வழியினன் என்று பழகிய அவையோர் கூறுவர். அவையறிவு இல்லாவிடின் அப்பாணி இருந்தும் இல்லாததே ஆகும். பாணியை ஆக்குவோன் ஆடுநன். அதனைப் பாணி என்று அறிந்து நிலைநிறுத்துவோர் அவையோர்.

4. பிரேக் நடனத்தின் அமைப்பு

இனி, பிரேக் நடனத்தின் இயல்பை ஆராய்வாம். 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்பார் நடத்திய இசைவிருந்தினை இக்கலையுலகம் தன் தோற்றநாளாகப் போற்றுகின்றது. பாட்டின் நடுவே குரலும் பிற கருவிகளும் ஓயத் தாளக்கருவிகள் மட்டும் ஒலிக்கும் இடம் 'பிரேக்' எனப்படும். இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளைக் கொண்டு அவ்விடத்தை ஹெர்க் மீண்டும் மீண்டும் நீளச் செய்தார். அங்கு ஆடியோர் பி-பாய், பி-கேர்ள் எனப்பட்டனர். எனவே இவ்வாடல் பெயரானும் பிறப்பானும் தாளத்தின்பாற்பட்டது; பாணி என்னும் சொல்லின் பழம்பொருளே இதன் அடிநிலை. கறுப்பின இளைஞரும் போர்ட்டோரிக்க இளைஞரும் வறுமை மிக்க தெருக்களில் இதனை வளர்த்தனர்.

தமிழகத்தில் இப்பெயர் வழங்கிய வரலாற்றில் ஒரு மயக்கம் உண்டு. 1994இல் வெளிவந்த 'காதலன்' முதலிய படங்களில் பிரபுதேவா ஆடியவற்றை மக்கள் பிரேக் நடனம் என்றே அழைத்தனர். உடலை வெட்டி வெட்டி இயக்கும் அவ்வாடல்களில் பெரும்பகுதி, கலிபோர்னியாவில் தோன்றிய 'பாப்பிங்' முதலிய வேறு வகைகளைச் சார்ந்தது. நிலத்தோடு பொருந்தி ஆடுவதே பிரேக் நடனத்தின் சிறப்பியல்பு.

அதன் உறுப்புகள் நான்கு. நின்றவாறு தாளத்திற்கு அடிவைத்தல் டாப்ராக். கைகளை நிலத்தில் ஊன்றிக் கால்களைச் சுற்றிச் செலுத்துதல் ஃபுட்வொர்க். 'ஆறடி' என்னும் பொருளுடைய பெயரால் வழங்கும் வட்ட நடையே இதன் அரிச்சுவடி. முதுகாலும் தோளாலும் தலையாலும் சுழலுதல் பவர்மூவ். ஓடும் தாளத்தில் ஓர் அடியைப் பற்றிச் சட்டென உறைந்து நிற்றல் ஃப்ரீஸ்.

இப்பகுப்பைக் காணும் தமிழறிஞர்க்குச் சிலப்பதிகார உரைமரபு நினைவிற்கு வரும். மாதவி ஆடிய பதினோராடலுள் அல்லியம், கொட்டி, குடை, குடம், பாண்டரங்கம், மல் என்னும் ஆறும் நின்றாடல். துடி, கடையம், பேடு, மரக்கால், பாவை என்னும் ஐந்தும் வீழ்ந்தாடல். ஆடலை நிற்றல், வீழ்தல் என இரண்டாகப் பகுத்த நுண்மை வியக்கத்தக்கது. ஆயினும், வீழ்ந்தாடலே பிரேக் நடனத்தின் நிலவாடல் என்று துணிதல் பொருந்தாது. மரக்கால் கொண்டு ஆடும் ஆடலும் வீழ்ந்தாடலுள் எண்ணப்பட்டமையின், வீழ்தல் என்பது நிலத்திற் கிடத்தல் மட்டும் அன்று என்பது தெளிவு. அது யாதென விளக்கியிருக்கக்கூடிய கூத்தநூல்கள் பல அடியார்க்குநல்லார் காலத்திற்கு முன்னரே மறைந்தன. ஐந்து என்னும் எண் நமக்குக் கிடைத்தது; வீழ்ந்த முறை கிடைக்கவில்லை.

கரணம் என்னும் சொல்லும் ஈண்டுக் கருதத்தக்கது. நாட்டிய நூலார் கையும் காலும் இயைந்த ஆடல்நிலையைக் கரணம் என்பர்; ஊரார் தலைகீழாகப் புரளுதலைக் குட்டிக்கரணம் என்பர். முன்னது உயர்கலை, பின்னது கழைக்கூத்தாடியின் வித்தை என்று நாம் பிரித்துவிட்டோம், மொழி பிரிக்கவில்லை. கயிற்றின்மேல் ஆடுவோர்க்கு முழங்கும் பறையொலியைக் குறுந்தொகைப் பாட்டொன்று உவமையாக்கியுள்ளமையும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. உடலருமை மிக்கமையின் இது கலையன்று என்னும் வாதத்திற்குத் தமிழ் வழக்கு துணைநில்லாது.

5. வட்டமும் பெயரும்

இவ்வாடலின் இயற்கையான அரங்கு, ஆடுவோர் தாமே சூழ்ந்து நிற்கும் வட்டம். அதனைச் 'சைஃபர்' என்பர். ஒருவர் நடுவே புகுந்து ஆடி வெளியேற, மற்றொருவர் அவர்க்கு மறுமொழியாக ஆடுவர். இங்குக் காண்போர் வேறு, ஆடுவோர் வேறு அல்லர். வெளியிலிருந்து வரும் கைதட்டல் அருஞ்செயலுக்கு உரியது. வட்டத்துள் எழும் ஒலியோ அடி தாளத்தில் விழுந்த நுட்பத்திற்கு உரியது. இவ்வேறுபாட்டை அறியாதார், தலையால் நெடுநேரம் சுழல்வாரையே சிறந்தார் என்பர்.

வட்டத்தினுள் புகுவோர் ஆடற்பெயர் ஒன்று கொள்வர். 1977இல் தோன்றிய ராக் ஸ்டெடி குழுவின் 'கிரேசி லெக்ஸ்' போன்ற பெயர்கள் இத்தகையன. ஆய்ச்சியர் குரவையில் மாதரி, ஆயமகளிர் எழுவர்க்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைப் பெயர்களை இட்டு வட்டத்தில் நிறுத்தினமை இதனோடு ஒப்பிடற்பாலது. இரண்டிடத்தும் ஆடற்களம் புகுவோர் வீட்டுப்பெயரைக் களைந்து ஆடற்பெயர் பெறுகின்றனர். ஆயின் குரவையில் அப்பெயர் இசைமுறையில் அவர்க்குரிய இடத்தைக் காட்டும்; எழுவரும் கூடியே ஒரு பண் ஆவர். பிரேக் நடனத்தில் அப்பெயர் ஆடுநர் ஈட்டிய பாணியைக் காட்டும். முன்னது கூட்டிசைவு, பின்னது கூட்டத்தின் நடுவே நிகழும் எதிர்மொழி. இவ்வேற்றுமையை மறைத்து ஒப்புமை மட்டும் கூறுதல் ஆராய்ச்சி ஆகாது.

6. விகற்பம்

இக்குழுவினர் பெருங்குற்றமாகக் கருதுவது, பிறர் தமக்கென ஆக்கிய ஆடலை அவ்வாறே எடுத்தாளுதல். அதனைக் 'கடித்தல்' என்னும் பொருள்படும் சொல்லால் இகழ்வர். ஆறடி முதலிய அடிப்படைகளோ எல்லார்க்கும் பொது. அவற்றை அறியாமை இழுக்கு. பிறர் ஆடலை எடுத்துப் புரட்டிப் புதுக்குதல் பாராட்டப்படும். எனவே பொதுவைக் கற்றல், தனியுடைமையைத் திருடாமை, கற்றதை வேறுபடுத்தல் என மூன்று விதிகள் இங்கு உளவாகின்றன.

இது நன்னூலார் வழிநூலுக்குக் கூறும் இலக்கணத்தை ஒத்துள்ளது. வழிநூலாசிரியன் முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துநின்று, தான் வேண்டும் விகற்பத்தையும் கூறுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. முடிபு ஒவ்வாதாயின் அது வழிநூல் ஆகாது. விகற்பம் இல்லையாயின் அதனால் பயனில்லை. தனிப்பாணி என்பதற்கு இதனினும் செறிந்த விளக்கம் காண்டல் அரிது. தனித்தன்மை என்றாலே மரபை உடைத்தல் எனக் கொள்ளும் இக்காலத் திறனாய்வு வழக்கை, தெருவில் வளர்ந்த இக்கலையினரின் நடைமுறையே மறுக்கின்றது.

7. பாரிசில் நிகழ்ந்த சோதனை

2024 ஆகஸ்ட் 9, 10 நாள்களில் பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டில் இவ்வாடல் முதன்முறையாக இடம்பெற்றது. நடுவர் ஒன்பதின்மர் நுட்பம், ஆடற்சொல்வளம், செயற்செவ்வி, இசையியைபு, தனித்தன்மை என்னும் ஐந்தினையும் ஒத்த அளவாகக் கொண்டு மதிப்பிட்டனர். இசையை ஆடுவோர் முன்னறியார். ஒலித்த பாட்டிற்கு அக்கணமே ஆடினர். மகளிருள் யப்பானின் ஆமியும் ஆடவருள் கனடாவின் பில் விசார்டும் பொற்பதக்கம் பெற்றனர். ஆமியின் ஆடலில் நிற்றலினின்று வீழ்தலுக்குச் செல்லும் இடம் முறிவின்றி ஒழுகியது. பில் விசார்டின் ஆடலில் அறிந்த அடியே எதிர்பாராத இடத்தில் திரும்பியது. இருவரிடத்தும் பொதுவும் விகற்பமும் ஒருங்கு நின்றன.

அப்போட்டியில் உலகின் பேச்சுக்கு உள்ளானவர் ஆஸ்திரேலியாவின் ரேச்சல் கன். இவர் பல்கலைக்கழக விரிவுரையாளர். இக்கலையை ஆராய்ந்தே முனைவர் பட்டம் பெற்றவர். கங்காரு முதலியவற்றின் அசைவுகளைத் தம் ஆடலில் அமைத்தார். ஆடிய மூன்று போட்டிகளிலும் 18–0 என்னும் கணக்கில் தோற்றார். அவரை எள்ளி நகையாடியது திறனாய்வு ஆகாது. தனித்தன்மை உடையார் என்னும் ஒன்றே கொண்டு அவரைப் போற்றுதலும் முழு விடை ஆகாது. விகற்பம் முன்னோடு ஒத்துநிற்கும் வன்மையால் விளங்குவது. பொது அடிகளில் எதிராடுவோர்க்கு நிகரான வலிமை காணப்படாதவிடத்து, வேறுபாடு வேறுபாடாகத் தோன்றாது. ஆடலின் புறத்தே நிற்பதாகவே தோன்றும். இலக்கணத்தை நூலால் அறிதல் வேறு, வட்டத்தில் அது உடலின்வழி ஏற்கப்படுதல் வேறு என்பதற்கு, ஆராய்ச்சியாளராகிய நாம் பணிவோடு கொள்ளத்தக்க சான்று இது.

ஒலிம்பிக் அரங்கினால் இக்கலைக்கு உண்டான ஏதம் ஒன்றையும் கூறுதல் வேண்டும். அளவை வகுத்தவழி, அளவைக்கு அகப்படும் ஆடலே பெருகும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டி நிரலில் இவ்வாடல் இடம்பெறாமை பலர்க்கு வருத்தம் தந்தது. எனினும் வட்டம் தன் மதிப்பீட்டைத் தானே காத்துக்கொள்ள அது இடந்தரும். கூரத்தில் உயர்ந்த முழங்கால் பின்னர் அருகியதுபோல, பல பாணிகள் ஒரு பாணிக்கு இடங்கொடுத்து மறையும் நிலை இக்கலைக்கு வருதல் நன்றன்று.

8. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் போதருவன: பிரேக் நடனம் தாளத்தினின்று பிறந்து, நிற்றலும் வீழ்தலும் விரவி, வட்டத்தினரால் மதிப்பிடப்பெறும் கலை, அதன் தனிப்பாணி, பொதுவைக் கற்று விகற்பம் காண்டலால் அமைவது, அதனை விளக்கப் பாணி, கரணம், விகற்பம் என்னும் தமிழ்ச் சொற்கள் பெரிதும் உதவும், வீழ்ந்தாடல் என்னும் சொல்லோ, அதன் செய்முறை மறைந்தமையின், ஓர் எல்லையளவே உதவும்.

இவ்வெல்லையே நம் கடமையை உணர்த்துகின்றது. மாதவி பெற்ற தலைக்கோலையும் ஆயிரத்தெண் கழஞ்சு பொன்னையும் நாம் அறிவோம். அவள் எங்ஙனம் வீழ்ந்தாடினாள் என்பதை அறியோம். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடைபெற்ற கட்டைக்கூத்துக் குருகுலம், இளையோர்க்குப் பொதுக்கல்வியோடு கூத்தும் கற்பித்தது. அத்தகைய பள்ளி நின்றுவிடின் பாணி உடலோடு மறையும். தமிழ் முதுகலை மாணவர் கூத்தரின் அடிவைப்பையும், ஊர்த்திடலில் கைகளை ஊன்றிச் சுழலும் இளைஞரின் அடிவைப்பையும், ஆடுவோர் தாமே வழங்கும் சொற்களால் இன்றே பதிவு செய்தல் வேண்டும். எது கலை, எது கலையன்று என்னும் தீர்ப்பைப் பின்னர்க் கூறலாம். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆடலை இழத்தல் ஒருமுறை நிகழ்ந்ததே போதும்.