வன்முறையின் பெயர்: திருநங்கையர் குறித்த சட்டமொழியும் மொழிபெயர்ப்பும்

திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம், 2019 இயற்றப்பட்ட வடிவில், திருநர் யாவர் என வரையறுக்குமிடத்துக் கின்னர், ஹிஜ்ரா, அரவாணி, ஜோக்தா என்னும் நான்கு பெயர்களைச் சமூகப் பண்பாட்டு அடையாளங்களாகச் சுட்டியது. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஹிஜ்ரா என்பது குரு–சேலா உறவால் கட்டமைந்த வாழ்வைக் குறிக்கும். ஜோக்தா எல்லம்மன் வழிபாட்டோடும், அரவாணி கூத்தாண்டவர் வழிபாட்டோடும் பிணைந்தவை. (தமிழகத்தில் திருநங்கை என்னும் சொல் நிலைபெற்ற பின்னரும் நாடாளுமன்றம் அரவாணியையே எடுத்தாண்டது தனியே ஆராயத்தக்கது.) வரையறையில் இத்தனை வேறுபாட்டை ஏற்ற சட்டம், வன்முறையைக் கூறும் 18ஆம் பிரிவில் உடல், பாலியல், சொல், உணர்வு, பொருளாதாரம் சார்ந்த கொடுமைகளை ஒரே தொடரில் அடுக்கி, அனைத்திற்கும் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதித்தது. பெண்ணை வன்புணர்ந்தவனுக்கோ 2018 திருத்தத்திற்குப் பின் குறைந்த அளவே 10 ஆண்டு.

அத்தொடரில் ஆங்கில மூலம் ஆளும் சொல் ‘அப்யூஸ்’. தமிழில் இதற்குத் ‘துன்புறுத்தல்’ என எழுதுவோர் உளர். ஆயின் ‘ஹராஸ்மென்ட்’ என்பதற்கும் அச்சொல்லே வழங்குவதால், திருநங்கை ஒருவர்மீது நிகழ்ந்த வன்புணர்ச்சி பேருந்தில் நிகழும் சீண்டலோடு ஒரே பெயர் பெறுகிறது. ‘கொடுமை’ ஓரளவு பொருந்தும். எனினும் குற்றத்தின் வகையை அது காட்டுவதில்லை. நாளிதழ்கள் நெடுங்காலம் ஆண்ட ‘கற்பழிப்பு’ இவ்விடத்தில் முற்றிலும் பயனற்றது. அச்சொல், அழிக்கப்படுவதற்குக் கற்பு என ஒன்று முன்னரே உண்டு என்னும் முற்கோளைத் தன்னுள் கொண்டது. சமூகம் திருநங்கைக்குக் கற்பை ஏற்பதில்லை. அவர் பாலியல் தொழிலில் இருப்பின் சொல்லவே வேண்டா. எனவே அச்சொல்லால் அவருக்கு நேர்ந்ததைக் கூறவே இயலாது. பெங்களூரில் கோத்திகளும் ஹிஜ்ராக்களும் காவலரால் அடைந்த பாலியல் வன்முறையை மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகக் கிளை 2003இல் அறிக்கையாக வெளியிட்டது. அத்தகைய அறிக்கையைத் தமிழாக்குவோர் ‘வன்புணர்ச்சி’, ‘பாலியல் வல்லுறவு’ என்பவற்றுள் ஒன்றைத் துணிந்து ஆளுதல் வேண்டும்.

சட்டத்தின் பெயர்ச்சொற்கள் அத்துணிவுக்கு இடந்தருவதில்லை. 2013 பிப்ரவரி அவசரச் சட்டம் குற்றம் இழைப்பவரையும் பாதிக்கப்படுபவரையும் ‘நபர்’ எனப் பொதுவாகக் குறித்தது. அவ்வாண்டு மார்ச்சில் நிறைவேறிய சட்டம் மீண்டும் ஆண், பெண் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, ஆண்பாற் பிரதிப்பெயர் திருநரையும் குறிக்கும் என விளக்கியது. தமிழில் ‘அவர்’ என எழுதினால் அவ்விளக்கமே வேண்டியதில்லை. ஆனால் 63ஆம் பிரிவு, வன்புணர்ச்சியைப் பெண்ணுக்கு ஆண் இழைப்பதாகவே வரையறுத்தது. பிரதிப்பெயர் திறந்த கதவைப் பெயர்ச்சொல் அடைத்துவிட்டது. தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்றதால் திருநங்கையும் ‘பெண்’ என்பதில் அடங்குவார் என வாதிடலாம். வாதிட வேண்டியிருப்பதே குறை. ஒப்புதலற்ற உறவுக்கு எதிராக எஞ்சியிருந்த பழைய 377ஆம் பிரிவுக்கு ஈடான பிரிவும் புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

வாக்குமூலங்களை மொழிபெயர்ப்பதில் சிக்கல் வேறுவகையானது. இந்தியில் செயப்படுபொருள் குன்றிய இறந்தகால வினை, தன்மையிலும் பால் காட்டும். (‘நே’ உருபு ஏற்கும் வினைகளில் இவ்வியைபு எழுவாயோடு அமைவதில்லை.) ‘மைன் கயீ’ என்று ஒரு ஹிஜ்ரா கூறுகையில் தம்மைப் பெண்ணாகவே முன்வைக்கிறார். எழுதும் காவலர் ‘கயா’ எனப் பதிவுசெய்தால் ஓர் உயிரெழுத்தில் அவர் கூற்று மறுக்கப்படுகிறது. தமிழில் இரண்டும் ‘போனேன்’ என்றே ஆகும். மூலத்தில் நிகழ்ந்த மறுப்பு மொழிபெயர்ப்பில் தடயமின்றி மறையும். அடிக்குறிப்பாலன்றி அதனைக் காட்ட வழியில்லை. நீதிமன்ற மொழிபெயர்ப்பில் அடிக்குறிப்பு இடும் வழக்கமோ அரிது.