ஒட்டுத் தெரியும் கிண்ணம்

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் செப்புத் திருமேனிகளின் முன்னால் போய் நின்றுகொள்ளும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. அவர்களுடைய ரசனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1851-இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இல் ரசாயனக்கூடம் ஒன்று அமைந்து, அங்கே டாக்டர் எஸ். பரமசிவன் களிம்பேறிச் சிதைந்துகொண்டிருந்த படிமங்களை மின்சார முறையால் மீட்டுத் தந்த வேலையை நானும் பக்தியோடு போற்றுகிறவனே. ஆயினும் பழம்பொருளைப் பழுதுபார்த்துக் காக்கும் இந்தக் கலையின் முழு ருசியையும் எனக்குக் காட்டியது, தாமிரபரணிக் கரையில் நான் படித்த பள்ளியின் மாடிப்படிக்கு அடியில், இரண்டு மர அலமாரிகளையும் ஒரு நீள மேஜையையுமே ஆஸ்தியாகக் கொண்டிருந்த சிறிய அறையில், எங்கள் ஓவிய ஆசிரியர் ஒட்டி வைத்த கறுப்பு-சிவப்பு மட்கிண்ணம் ஒன்றுதான்.

அதே ஆற்றங்கரையின் ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876-இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. இந்தக் கிண்ணம் எங்கும் போகவில்லை. உழவுசாலில் கிளம்பிய ஓடுகளை மாணவன் ஒருவன் துண்டில் முடிந்துகொண்டு வந்தபோது, தாசில்தார் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பிய பிறகுதான் ஆசிரியர் அந்த முடிச்சை அவிழ்த்தார். பதினாறு ஓடுகள் இருந்தன. மண்ணுக்குள் கிடந்த காலமெல்லாம் ஓட்டின் நுண்துளைகளில் ஊறிய உப்பு, உலரும்போது படிகமாகிப் புறத்தோலை உரித்துவிடும் என்பதால், முற்றத்தில் பிடித்து வைத்த மழைநீரில் அவற்றை ஊறப்போட்டு, தினந்தோறும் நீரை மாற்றும் வேலை எனக்கு வாய்த்தது. கடைசிச் சில நாட்களுக்கு ஆய்வுக்கூடத்து வாலைநீர். ஊறிய நீரைச் சோதனைக்குழாயில் சிறிது எடுத்து, நைட்ரிக் அமிலம் ஒரு துளியும் வெள்ளி நைட்ரேட் இரண்டு துளியும் விட்டால் பால் கலந்தாற்போல் வெளுக்கும். அந்த வெளுப்பு அறவே அடங்கிய நாளில், வகுப்பில் நான் மனப்பாடம் செய்திருந்த ரசாயன பாடம் முதன்முறையாக எனக்கு அர்த்தமாயிற்று.

ஓடுகளை நிழலில் உலர்த்தி, உடைந்த விளிம்புகளைத் தூரிகைகூடத் தீண்டாமல் காத்து, பசையில்லாமலே பலமுறை பொருத்திப் பார்த்த பின்பே அவர் ஒட்டத் துணிந்தார். கறுப்பு மெல்லக் கரைந்து சிவப்பாகும் அந்த எல்லைக்கோடு, கிண்ணத்தைச் சுற்றிச் சற்றே சாய்ந்து ஓடுமல்லவா, அதுவே அவருக்கு வழிகாட்டி. அடிப்பாகத்திலிருந்து தொடங்கி, மணல் நிரப்பிய தட்டில், ஒட்டிய துண்டு தன் எடையாலேயே தன் இடத்தில் அமரும்படி சாய்த்து நிறுத்துவார். பன்னிரண்டு துண்டுகள் ஏறிய பிறகு பதின்மூன்றாவது உள்ளே போக மறுத்தது. ஒரு மயிரிழைதான் தடை. அரத்தால் இலேசாக ராவினால் போதும் என்று நாங்கள் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் பஞ்சை அசிட்டோனில் தோய்த்து ஒட்டுக்களின் மேல் வைத்து, மூன்று நாள் வேலையை ஒரே மாலையில் கலைத்துவிட்டு, மறுநாள் மீண்டும் அடியிலிருந்தே தொடங்கினார். பிரிக்க முடியாத பசையை அவர் கையால் தொட்டதில்லை. அந்த மாலையைப் போல் அழகான காட்சியை எந்தக் கச்சேரியிலும் நான் கண்டதில்லை.

வாய்ப்புறத்துக்குக் கீழே ஒரு துண்டு கிடைக்கவே இல்லை. செங்கல் தூள் கலந்த சாந்தால், ஓட்டின் நிறத்தைவிட ஒரு மாற்று வெளிறியதாக, புறப்பரப்பைவிட இம்மி தாழ்வாக அந்த இடத்தை நிரப்பினார். ஆறடி தூரத்தில் முழுக் கிண்ணம் தெரியும், அரையடியில் எது பழையது, எது புதியது என்று குழந்தையும் சொல்லிவிடும். கீறிய குறியீடு ஒன்று அந்த இடைவெளியின் விளிம்பு வரை வந்து நின்றுபோயிருந்தது. இரண்டே கோடுகளில் அதை முடித்துவிடலாமே, பார்ப்பவர்களுக்குத் திருப்தியாக இருக்குமே என்று சொன்னவர்கள் உண்டு; குறையே தெரியாதபடி செய்வதுதான் கைத்திறன் என்ற அபிப்பிராயம் இன்றும் பலருக்கு இருக்கிறது. அந்தக் கோடுகளைக் கீறியவன் மனத்தில் என்ன இருந்தது என்பதை நாம் அறியோம். அறியாததை எழுதி முடிக்கும் கை எத்தனை தேர்ந்ததானாலும் அது பொய்யையே எழுதுகிறது என்பது என் கட்சி.

அண்மையில் வேறொரு பள்ளியின் காட்சி அறைக்குப் போயிருந்தேன். விரைவுப் பசையால் கோணலாக ஒட்டிய பானைகளுக்கு வார்னிஷ் பூசியிருந்தார்கள். நடுகல் வீரனுக்கு எனாமல் வர்ணத்தில் மீசை தீட்டியிருந்தது. பழைய தூண்டாமணி விளக்கொன்றைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்ததில், அதன் அன்னப்பறவையின் இறகுக் கோடுகள் முற்றிலும் மழுங்கிவிட்டன. ஆர்வத்தில் குறைவில்லை, பொறுமையைக் கற்றுத்தர அங்கே ஒருவரும் இல்லை. நூற்றாண்டுகள் செய்யாத சேதத்தை ஒரு விழாவுக்கான அவசரம் செய்துவிட்டிருந்தது.

உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இப்படி ஓர் அலமாரி இருக்கலாம். ஆண்டு விழாவுக்கு அதைத் துடைக்கச் சொல்லிப் பிள்ளைகளை ஏவுமுன், கையில் புளியைக் கொடுக்காதீர்கள். மெல்லிய உலர்ந்த தூரிகை ஒன்றைக் கொடுங்கள், அது போதும். செம்பின் மேல் வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தால், தூரிகையையும் கீழே வைத்துவிட்டு, ஈரம் படாமல் தனியே எடுத்து வைத்து, மாவட்ட அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.