குரங்கு மூளையும் சித்தார் நாதமும்

'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' (1984) படத்தின் விருந்துக் காட்சியை, முழுப் படத்தையும் பார்க்காதவர்கள்கூட யூடியூபில் பார்த்திருப்பார்கள். கதை நடப்பது 1935-இல், பாங்கோட் என்ற கற்பனை சமஸ்தானத்து அரண்மனையில். பெரிய பாம்பு ஒன்றின் வயிற்றைக் கிழிக்கிறார்கள், உள்ளிருந்து உயிருள்ள குட்டிப் பாம்புகள் வழிகின்றன. சூப்பில் கண்விழிகள் மிதக்கின்றன. கடைசியாக, குரங்கின் தலையையே கிண்ணமாக்கி உள்ளே குளிரவைத்த மூளை. சுற்றி உட்கார்ந்திருக்கும் இந்தியர்கள் ரசித்துச் சாப்பிடுகிறார்கள்.

இதைப் பார்த்ததும் "நாங்க இதெல்லாம் சாப்பிடறதில்லப்பா" என்று கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்துக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. சாப்பாட்டைப் பார்த்து மிரளும் வெள்ளைக்காரப் பெண்ணிடம் திரும்பி, "ஏன் மிரளுகிறாய், இது என்ன தெரியுமா?" என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. மேஜையில் அத்தனை இந்தியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அருவருப்புக்கான பொருட்கள் மட்டுமே, பேச்சுக்கான ஆட்கள் அல்ல.

அரண்மனைக்கு அடியில் காளி கோயில். பூசாரி மோலா ராம் (அம்ரீஷ் புரி) பலியாளின் நெஞ்சுக்குள் கையை விட்டுத் துடிக்கும் இதயத்தைப் பிடுங்குகிறான். படம் இவர்களை 'தக்' கூட்டம் என்கிறது. ஆனால் 1830-களில் வில்லியம் ஸ்லீமன் போன்ற ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்த தக்குகள் துணியால் கழுத்தை நெரித்துக் கொல்லும் வழிப்பறிக்காரர்கள். அந்த அதிகாரிகள் காட்டிய அளவுக்கு அது மதக்கூட்டமா, சாதாரணக் கொள்ளையா என்பதே இன்றும் வரலாற்றாசிரியர்களிடையே விவாதம். இதயத்தைப் பிடுங்கும் பலியை நாம் கேள்விப்பட்டிருப்பது மெக்சிகோவின் அஸ்டெக்குகளைப் பற்றி. அதாவது, இந்தியாவைப் பற்றிய காலனியக் கட்டுக்கதையைக்கூட இந்தப் படம் ஒழுங்காகப் படிக்கவில்லை. 'கங்கா தின்' (1939) மாதிரியான பழைய ஹாலிவுட் படங்களிலிருந்து எடுத்த நகலின் நகல் இது.

படத்துக்கு ஒரு நியாயம் செய்துவிடலாம். இதில் நல்ல இந்துக்களும் உண்டு. ஒரு கிராமம் தன் சிவலிங்கக் கல்லைப் பறிகொடுத்துவிட்டுத் தவிக்கிறது. இறுதிக் காட்சியில் மோலா ராமைப் பார்த்து, நீ சிவனுக்குத் துரோகம் செய்துவிட்டாய் என்று இந்தியானா ஜோன்ஸே குற்றம்சாட்டுகிறார். ஆனால் தங்கள் சாமியை மீட்க அந்த ஊர் மக்களுக்கு ஒரு அமெரிக்கர் தேவைப்படுகிறார். இன்னொரு தகவலும் உண்டு. இந்திய அரசு திரைக்கதையில் மாற்றங்கள் கேட்டது. படக்குழு மாற்றவில்லை, படப்பிடிப்பை இலங்கையின் கண்டிக்கு மாற்றிக்கொண்டது. அதனால் அந்த 'இந்திய' கிராமத்து மக்கள் பேசுவது சிங்களம்! யாருக்காக எடுக்கப்பட்டதோ அந்தப் பார்வையாளருக்கு அது எந்த மொழியாக இருந்தாலும் ஒன்றுதான். அது புரிவதற்காக வைத்த பேச்சு இல்லை, பின்னணி இரைச்சல்.

எங்கள் தொழிலில் 'கேஷ்' என்று ஒன்று உண்டு. ஒரு பக்கத்தை ஒருமுறை இறக்கிய பிரௌசர் அதன் நகலை எடுத்துவைத்துக்கொள்ளும். அடுத்த முறை நீங்கள் கேட்டால், சர்வரைத் தொந்தரவு செய்யாமல் அந்த நகலையே காட்டும். வேகமாக இருக்கும், ஆனால் பழசாக இருக்கும். ஐரோப்பாவின் கேஷில் இந்து சாமியின் முதல் நகல்களில் ஒன்று 1510-இல் ஏறியது. போலோனியாவிலிருந்து கிளம்பிக் கோழிக்கோடு வரை வந்த லுடோவிகோ டி வர்த்தேமா, அங்கே ஒரு கோயிலில் கண்ட சிலையை, கொம்புகளும் போப்பின் மூன்றடுக்கு மகுடமும் கொண்டு ஆன்மாக்களைத் தின்னும் சாத்தானாக எழுதினார். 1515-இன் ஜெர்மன் பதிப்புக்கு அதை மரச்செதுக்குப் படமாக்கிய யோர்க் ப்ரொய் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. தன் ஊர்ச் சாத்தானை வரைந்தார், அவ்வளவுதான். பார்த்தா மித்தர் தன் 'மச் மலைன்ட் மான்ஸ்டர்ஸ்' (1977) நூலில் இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறார். அங்கிருந்து மோலா ராம் வரை, சர்வரை யாரும் கேட்கவில்லை.

*

சரி, இதற்கு நேர் எதிரான படம் ஒன்று உண்டே, ஞானபூமி இந்தியா? அது நமக்குப் பிடித்தமான படம். ஆனால் இரண்டும் ஒரே ஸ்டூடியோவிலிருந்து வந்தவை என்பதற்கு ஏறக்குறைய நேரடிச் சாட்சியே இருக்கிறது.

1965-இல் பீட்டில்ஸ் குழு நடித்த 'ஹெல்ப்!' வெளியானது. 'கைலி' என்ற கீழைத்தேயத் தெய்வத்தின் பக்தர்கள், பலியாளின் விரலில் இருக்க வேண்டிய மோதிரம் ரிங்கோவின் விரலில் மாட்டிக்கொண்டதால் அவரைக் கொல்லத் துரத்துகிறார்கள். பூசாரி வேடத்தில் லியோ மெக்கெர்ன் என்ற வெள்ளை நடிகர். கேலிப் படம்தான், காளி என்ற பெயரை மாற்றியதே பெரிய மரியாதை. இந்தப் படத்தின் உணவகக் காட்சிக்காக இந்திய இசைக்கலைஞர்களை வரவழைத்திருந்தார்கள். அந்த செட்டில்தான் ஜார்ஜ் ஹாரிசன் முதன்முதலாக சித்தாரைக் கையில் எடுத்தார். அந்த ஆண்டே 'நார்வீஜியன் வுட்' பாடலில் சித்தார் ஒலித்தது. 1968-இல் நால்வரும் ரிஷிகேஷில், மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில்.

மூன்றே வருடத்தில் நரபலியிலிருந்து தியானத்துக்கு! மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய மனமாற்றம். ஆனால் இரண்டு படத்திலும் இல்லாத ஒரு ஆள் இருக்கிறார். வாடகை கொடுத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேண்டிக்கொண்டு, வேண்டுதல் பலிக்காவிட்டால் சாமியையே திட்டி, ஒரு வருஷம் கோயில் பக்கமே போகாமல் இருக்கிற சாதாரண இந்து. பேய் கட்டளையிடும், ஞானி உபதேசிப்பார். இருவருமே உரையாட மாட்டார்கள். 'ஓப்பன்ஹைமர்' (2023) வந்தபோதும் இதேதான். பகவத் கீதை அதில் ஒரு மேற்கோளாக, இருட்டில் மின்னும் வாக்கியமாக வந்துபோனது. படுக்கையறைக் காட்சியில் அதை வாசித்தது சரியா என்று இங்கே ஒரு வாரம் சண்டை போட்டோம்.

அந்தச் சமயத்தில் அமெரிக்க டீமுடனான ஒரு வீடியோ காலில், சக ஊழியர் ஒருவர் உண்மையான ஆர்வத்தோடு, உங்கள் வீட்டில் கீதை படிப்பீர்களா என்று கேட்டார். எங்கள் குலதெய்வம் முனியப்பன். வருஷத்துக்கு ஒருமுறை கிடா வெட்டு, சாராயம், சுருட்டு. அதைச் சொன்னேன். திரையில் ஒரு சின்ன மௌனம். அவரிடமிருந்த இரண்டு ஃபோல்டர்களில் எதிலும் முனியப்பன் போகவில்லை என்பது தெரிந்தது. கிடா வெட்டு என்றால் மோலா ராம் பக்கம், வீட்டுச்சாமி என்றால் கீதை பக்கம். என் பாட்டி முனியப்பனோடு பேசுகிற மாதிரி, "ஏன்யா இப்படிப் பண்ணுற" என்று உரிமையாகப் பேச, எந்த ஃபோல்டரிலும் இடமில்லை.

இது வெளியாட்களின் பிரச்சனை மட்டும் என்றால் விட்டுவிடலாம். 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு, 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்க உத்தரவிட்டது. ஊர் ஊராகக் கிடா வெட்டு நின்றது. எதிர்ப்பு கிளம்பி, 2004-இல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. எந்த மிஷனரியும், எந்த ஹாலிவுட் இயக்குநரும் அந்த உத்தரவைப் போடவில்லை. ஆனால் எது நாகரிகமான வழிபாடு, எது காட்டுமிராண்டித்தனம் என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது? உயிர்பலிக்கு எதிரான குரல் நம் மரபிலேயே நெடுங்காலமாக உண்டு, அது உண்மை. அதோடு சேர்ந்து, 'வெளியே நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்' என்ற இருநூறு வருடத்துக் கூச்சமும் இருக்கிறது. பேய்ப் படத்துக்குப் பதிலாக ஞானிப் படத்தை மாட்டத் துடிக்கும்போது, முதலில் கழற்றி எறியப்படுவது முனியப்பன்தான்.

*

அப்படியானால் வெளியாள் எழுதவே கூடாதா? எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். என் கண்ணில் சிறந்த உதாரணம், நடுநிலையே இல்லாத ஒருவர்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரி பார்த்தலோமேயு சீகன்பால்குவின் நோக்கம் தெளிவானது, மதம் மாற்றுவது. அதற்காகத் தமிழ் கற்றார், சுவடிகள் சேர்த்தார். பிறகு அவர் செய்தது அந்தக் காலத்துக்கு விசித்திரமானது. கேள்விகளை எழுதித் தமிழர்களுக்கே அனுப்பினார், அவர்கள் கடிதமாகப் பதில் எழுதினார்கள். 1712 முதல் 1714 வரை வந்தவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாகின. அவற்றில் தமிழர்கள் பணிவாகத் தகவல் மட்டும் தரவில்லை. மாட்டைத் தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தமில்லை, உங்களைப் பார்த்து நாங்கள் எப்படி உங்கள் மதத்துக்கு வருவது என்ற ரீதியில் திருப்பியும் கேட்டார்கள்.

1713-இல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி நூலில் சிவனும் விஷ்ணுவும் மட்டும் இல்லை. ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், பிடாரி, அங்காளம்மன் என்று கிராமதேவதைகளுக்குத் தனிப் பகுதியே உண்டு. மேலைநாட்டார் எழுதிய எத்தனையோ பிற்கால 'இந்துமத அறிமுக' நூல்களில் இவர்களுக்கு ஒரு பத்திகூடக் கிடைக்காது. கையெழுத்துப் பிரதியை ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த மேலிடத்தின் பதில், உன்னை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற தொனியில் இருந்தது. நூல் 1867-இல்தான், சென்னையில் வெளியானது. 150 வருடத்துக்கு மேல் அலமாரியில்!

சீகன்பால்கு நம்மை மதித்தாரா, இழிவாக நினைத்தாரா? இரண்டும்தான். ஆனால் அவர் நூலில் இருக்கும் மாரியம்மன் உயிரோடு இருக்கிறாள், ஏனென்றால் அவளைக் கும்பிட்டவர்கள் பதில் பேச அந்த ஏற்பாட்டில் இடம் இருந்தது. ஹாரிசன் விஷயத்திலும் மாற்றம் நடந்தது ரிஷிகேஷில் இல்லை என்றே நினைக்கிறேன். ரவிசங்கரிடம் பாடம் கற்கும்போது தொலைபேசி ஒலித்தது, ஹாரிசன் எழுந்து சித்தாரைத் தாண்டிப் போனார். குரு அவர் காலில் ஒரு அடி வைத்து, வாத்தியத்துக்கு மரியாதை கொடு என்றார். இதை ஹாரிசனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த அடிதான் உரையாடலின் ஆரம்பம்.

ஆகவே ஒரு சித்திரிப்பை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி, இது பாராட்டா வசையா என்பது இல்லை. இதில் வரும் இந்து, எழுதுகிறவரைப் பார்த்து "அப்படி இல்லை" என்று சொல்ல முடிகிறதா?

இந்தக் கேள்வி நம் பக்கமும் திரும்பும். பதில் சொல்ல வேண்டிய 'நாம்' யார்? 1927-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் கேதரின் மேயோ 'மதர் இந்தியா' எழுதினார். இந்தியர்கள் சுயராஜ்யத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று நிறுவவே எழுதிய, இனவெறி வழியும் புத்தகம். காந்தி அதை சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்றார். தேசமே கொதித்தது. ஆனால் சுயமரியாதை இயக்கத்தின் கோவை அய்யாமுத்து 1929-இல் 'மேயோ கூற்று மெய்யா பொய்யா' என்று ஒரு நூல் எழுதி, குழந்தை மணமும் தீண்டாமையும் பொய்யா என்று கேட்டார். மேயோவின் நோக்கம் கெட்டது, அய்யாமுத்துவின் கேள்வி நல்லது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். 'வெளியாள் நம்மை அவமதிக்கிறான்' என்ற கோஷம் அய்யாமுத்துக்களின் வாயை அடைக்கப் பயன்பட்டால், அதுவும் பதில் பேச விடாத இன்னொரு மேஜைதான். 2014-இல் வெண்டி டோனிகரின் 'த ஹிண்டூஸ்' நூலை இந்தியாவில் திரும்பப் பெற்று அழிக்க பெங்குவின் ஒப்புக்கொண்டபோது நடந்தது அதுவே. அந்த நூலோடு சண்டை போட நிறைய இருந்தது. புத்தகத்தை அழித்தால் யாரோடு சண்டை போடுவது?

கடைசியாக ஒரு சமீபத்திய மேஜை. 'நெவர் ஹேவ் ஐ எவர்' (2020) தொடரின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண் தேவி, வீட்டுப் பூஜை அலமாரி முன் நின்று, ஒரு பாய்ஃப்ரெண்ட் வேண்டும் என்பது உட்படத் தன் கோரிக்கைகளை அடுக்குகிறாள். ஞானமும் இல்லை, நரபலியும் இல்லை. சாமியோடு பேரம். நம் வீடுகளில் தினமும் நடப்பது. அதுவும் முழுப் படம் இல்லை, வசதியான ஒரு பிராமண வீட்டின் படம். அந்த அலமாரியிலும் முனியப்பன் கிடையாது. ஆனால் "அப்படி மட்டும் இல்லை" என்று அந்தத் தொடரிடம் நாம் சொல்லலாம், சொன்னால் கேட்கிற தூரத்தில் அது இருக்கிறது. மோலா ராமிடம் அது முடியாது. அவன் காதில் விழும்படி எதையும் சொல்ல, 1984-இல் யாரும் இடம் விட்டுவைக்கவில்லை.