காலி செய்யச் சொல்லும் உரிமை

செழியனின் ‘டு லெட்’ திரையரங்குகளுக்கு வந்தது 2019 பிப்ரவரி 21. மறுநாளே தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தோடு கதை முடிந்து போனது. படத்தைப் பற்றி நான் வாசித்த விமர்சனங்களில் யதார்த்தம், நடிப்பு, ஒளி, விருது எல்லாம் இருந்தன. சட்டம் மட்டும் இல்லை. வாடகையைப் பற்றித் தமிழில் வந்த ஆகச்சிறந்த படத்தைப் பேசிய யாருக்கும், அதே வாரத்தில் வாடகைக்காரனின் காலடியில் இருந்த பலகை உருவப்பட்டது உறுத்தவில்லை. அந்தப் பேசாமை படத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் என் விமர்சனம்.

முதலில் படத்துக்குரிய மரியாதை. 2007, சென்னை. சினிமாவில் காலூன்றப் பார்க்கும் இளங்கோ, மனைவி அமுதா, சின்னப் பையன் சித்தார்த். வீட்டுக்கார அம்மா ஒரு மாதம் கெடு கொடுத்துக் காலி பண்ணச் சொல்கிறார். அதன்பிறகு படம் முழுக்க வீடு தேடல்தான். பின்னணி இசை கிடையாது. வீட்டுச் சத்தங்களும் தெருச் சத்தங்களுமே இசை. அடிப்படையில் ஒளிப்பதிவாளரான செழியன், நெருக்கமான அறைகளை அழகுபடுத்தாமல் காட்டுகிறார். என்ன வேலை, எந்த ஊர், சைவமா என்று ஒவ்வொரு வாசலிலும் கேள்வி. சினிமா என்றதும் முகம் மாறுகிறது. யாரும் அடிப்பதில்லை, பெரிதாகத் திட்டுவதுமில்லை. மரியாதையாகவே மறுக்கிறார்கள். அந்த மரியாதைதான் நம்மை வதைக்கிறது.

இந்தக் கஷ்டத்துக்குப் படம் ஒரு காரணம் வைத்திருக்கிறது. ஐ.டி. கம்பெனிகள் வந்தன, சம்பளம் ஏறியது, வாடகை ஏறியது. சிவகாசியில் பிறந்து, பொறியியல் படித்து, சென்னையில் கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தக் காரணம் யாரைச் சொல்கிறது என்று புரியாமலில்லை. பத்து மாத அட்வான்ஸை மூச்சுவிடாமல் எண்ணிக் கொடுத்தது எங்கள் தலைமுறைதான். இருந்தாலும் இது பாதிக் காரணமே. அதிகம் தர ஓர் ஆள் வந்ததும் குடியிருப்பவரைக் கிளப்பலாம் என்கிற உரிமையை வீட்டுக்காரருக்கு எந்தச் சம்பளமும் கொடுத்துவிட முடியாது. அதைச் சட்டம் கொடுக்க வேண்டும், அல்லது ஊர் கொடுக்க வேண்டும்.

2007-இல் சட்டம் அதைக் கொடுக்கவில்லை. படத்தை மறுபடி பார்த்தபோது என்னை நிறுத்திய இடம் இது. 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவரைக் காலி செய்ய வைக்கக் குறிப்பிட்ட காரணங்கள் வேண்டும்: வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, உள்வாடகைக்கு விட்டது, கட்டடத்தைப் பாழாக்கியது, வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுவது, இடித்துக் கட்டுவது என்று ஒரு பட்டியல். ‘எனக்கு இன்னும் கூடுதலாக வாடகை வரும்’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி அதிகாரியிடம் மனுப் போடவும் வழி இருந்தது. கட்டி ஐந்து வருடம் ஆகாத கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. 400 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீடுகளுக்கு இருந்த விலக்கை 1986-இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. ஆக, இளங்கோ குடியிருந்தது கொஞ்சம் பழைய வீடாக இருந்தால், அந்த ஒரு மாதக் கெடுவுக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை.

இளங்கோ கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வழக்கு வருஷக் கணக்கில் இழுக்கும். கேஸ் போட்ட ஆளுக்கு அடுத்த தெருவிலும் வீடு கிடைக்காது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சத்தமில்லாமல் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அந்த அளவில் படம் உண்மையானது. ஆனால் பாத்திரத்துக்குத் தெரியாததைப் படைப்பும் தெரியாததுபோல் விட்டுவிட்டால், ஓர் அநீதி தலையெழுத்தாக மாறிவிடுகிறது. ‘டு லெட்’டில் வாடகை உயர்வு மழைபோல வருகிறது. நனைவதைத் தவிர வழியில்லை.

இது செழியன் ஒருவரின் குறை மட்டுமல்ல. பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988-இல் வந்தது. அதிலும் காலி செய்யச் சொல்வதில்தான் கதை தொடங்குகிறது. சுதா அங்கிருந்து நேராகச் சொந்த வீடு கட்டப் போகிறாள். கடன், மேஸ்திரி, சிமெண்ட், அரசு அலுவலகம் என்று அவள் படும் பாட்டை மறக்க முடியாது. ஆனால் வாடகையிலிருந்து தப்ப ஒரே வாசல் சொந்த வீடு என்பதைப் படம் கேள்வி கேட்பதில்லை. எலி வளையானாலும் தனி வளை என்கிற பழமொழியின் பிடி அது. வள்ளுவரே நிலையாமை அதிகாரத்தில் உடம்பை உயிரின் ஒண்டுக்குடித்தனமாகப் பார்க்கிறார். வாடகை வீடு என்றாலே நமக்கு நிலையாமைதான். அங்கேயும் ஒருவன் உரிமையோடு முப்பது வருஷம் இருக்கலாம் என்று கற்பனை செய்ய மொழியே பழகவில்லை.

விருதுநகர்க்காரர்கள் இதை யோசிக்கக் கூடுதல் கடமைப்பட்டவர்கள். எங்கள் மாவட்டம் தந்த மிகப் பிரபலமான வாடகைக் குடித்தனக்காரர் காமராஜர். ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்தவர், சென்னை திருமலைப் பிள்ளை சாலை வாடகை வீட்டில் 1975 அக்டோபர் 2 அன்று இறந்தார். மேடைக்கு மேடை அதைச் சொல்லிக் கண் கலங்குகிறோம். அதே ஆள் கீழே இறங்கி, தன் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வருபவரிடம் ‘நீங்க எந்த ஆளுக?’ என்று கேட்கிறார். தலைவருக்குச் சொந்த வீடு இல்லாதது தியாகம், மற்றவருக்கு இல்லாதது கையாலாகாத்தனம்.

சிவகாசிப் பக்கம் இன்னொரு ஏற்பாடு உண்டு, ஒத்தி. ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை இல்லை. காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். சென்னையில் இதை லீஸ் என்பார்கள். அம்மாவின் நகையும் சீட்டுப் பணமும் சேர்ந்தால் ஒரு ஒத்தி வீடு. பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்து, அவ்வளவுதான், பதிவு கிடையாது. வீட்டின் பேரில் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, வீட்டுக்காரர் நொடித்துப்போய், வங்கி ஜப்தி நோட்டீஸ் ஒட்டினால், குடியிருப்பவர் கையில் இருப்பது வெறும் தாள். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் காப்பீடு, உரிமம் என்று பேசுகிற ஊரில், ஆயுள் சேமிப்பைப் பதிவில்லாத தாளில் வைத்திருக்கிறோம்.

அந்த 2019 பிப்ரவரியில் சிவகாசியில் பட்டாசு ஆலைகளே ஓடவில்லை. முந்தைய அக்டோபரில் பேரியம், சரவெடி குறித்து உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அடுத்து நவம்பரில் மூடியவை, மார்ச் வாக்கில்தான் திறந்தன. கூலி நின்றது, வாடகை நிற்கவில்லை. பழைய சட்டத்தில் ‘வேண்டுமென்றே’ என்று ஒரு வார்த்தை இருந்தது. பாக்கி வேண்டுமென்றே வைத்ததல்ல என்று அதிகாரிக்குப் பட்டால் கட்ட அவகாசம் தரலாம். அவகாசம் பதினைந்து நாள்தான், பெரிய கருணை ஒன்றுமில்லை. ஆனால் வேலை நின்றுபோனவனையும் ஏமாற்றுபவனையும் சட்டம் பிரித்துப் பார்த்தது. புதிய சட்டத்தின் கணக்கு வேறு: இரண்டு மாதப் பாக்கி, நோட்டீஸ், வெளியேற்றம். ஆலை மூடிக்கிடந்த ஊருக்கு அந்த ஒரு வார்த்தையின் விலை தெரியும்.

பழைய சட்டம் பொற்காலமில்லை. வருடக்கணக்கில் வழக்கு நடத்தி ஓய்ந்த வீட்டுக்காரர்களும், வம்பு எதற்கென்று பூட்டியே வைத்தவர்களும் உண்டு. கீழே தான் இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டு மருந்துச் செலவைப் பார்க்கும் பெரியவர் ஒன்றும் ஜமீன்தாரில்லை. புதிய சட்டத்தில் நல்லதும் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி மிரட்டக் கூடாது. ஆனால் நியாய வாடகை என்ற கருத்து போய்விட்டது. இருவரும் ஒத்துக்கொண்டதே வாடகை. முன்பணம் மூன்று மாதம்தான், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அந்த ‘இல்லாவிட்டால்’ வழியாக எத்தனை மாதமும் உள்ளே வரும். எழுத்து ஒப்பந்தம் போடத் தவறினால் அதுவே வெளியேற்றக் காரணம். எழுதித் தர மறுக்கும் பலம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், யாருக்காக எழுதியது என்று புரியும்.

வாடகைக் கட்டுப்பாடு எந்த அரசனும் போட்ட பிச்சையில்லை. 1915-இல் கிளாஸ்கோவில், போர்த் தளவாடத் தொழிலாளிகள் வந்து குவிந்ததும் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில். மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத்தெருவாகச் சேர்ந்து உயர்த்திய வாடகையைத் தர மறுத்தார்கள். காலி செய்ய வைக்க ஆள் வந்தால் மணி அடிப்பார்கள். அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவன்மேல் மாவை வீசுவார்கள். கப்பல் கட்டும் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள். அந்த வருடம் முடிவதற்குள் பிரிட்டிஷ் அரசு வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்திச் சட்டம் போட்டது.

வாடகை ஏறிய காரணம் கிளாஸ்கோவிலும் ‘டு லெட்’டின் சென்னையிலும் ஒன்றுதான்: புதுத் தொழில், புது ஆட்கள். வித்தியாசம், அங்கே பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. இளங்கோ ஏறி இறங்கும் கதவுகள் எல்லாம் வீட்டுக்காரர்களுடையவை. தன்னைப்போல் கெடு வாங்கிய இன்னொருவனின் கதவை அவன் தட்டுவதே இல்லை. அமுதாவோடு ஒரு காம்பவுண்டு வீட்டின் ஐந்து பெண்கள் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ், யாரிடம் ரசீது இருக்கிறது, யார் பத்திரம் பதிவானது என்று ஒரு நோட்டில் எழுதுகிற காட்சி தமிழ் சினிமாவில் இன்னும் வரவில்லை. சிவகாசியில் சங்கம் புதிதில்லை. அச்சகத்துக்கும் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் முதலாளிகள் சங்கமும் உண்டு, தொழிலாளர் சங்கமும் உண்டு. ஒத்திப் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்யவும், முன்பணச் சட்டத்திலுள்ள ‘இல்லாவிட்டால்’ என்ற ஓட்டையை அடைக்கவும், ‘வேண்டுமென்றே’ என்ற வார்த்தையைத் திரும்பக் கொண்டுவரவும் கேட்க, குடியிருப்பவர்களுக்கும் ஒரு சங்கம் வேண்டும். ‘டு லெட்’ நம் அவமானத்தை நமக்கே சரியாகக் காட்டிய படம். அந்த அவமானம் இயற்கையானதல்ல என்று சொல்லும் வேலையைப் படம் நமக்கு விட்டு வைத்திருக்கிறது.